எந்தப் பரவாயில்லை

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். நான் கேட்கப் போவதில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போன அன்று கிளப் டிராக் சூட்டோடு வந்து, கதவோரமாக நின்று கைபேசியில் ஸ்கோர் பார்த்தாயே, அன்றைக்கு நிறுத்திய பேச்சு இது. போன் செய்யலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் என் கோபம் இறங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அந்தக் குரலை வைத்துத்தான் நீ தப்பித்து வந்திருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு உன்னைப் படிக்க வைத்தார்கள். நீ படித்துவிட்டுப் போய் பந்தாட்டக்காரர்களுக்குக் கால் பிடிக்கிறாய். சரி, அது போகட்டும். போகாது. இருந்தாலும் போகட்டும்.

என் பேரன் வீட்டுக்கு வந்துவிட்டான். உங்கள் ஊர்க் கூட்டம் 'நூல்' என்று கத்துமே, அந்த நூல்தான். முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், இப்போது அதே முழங்கால் இரண்டாம் தடவை. மூன்று ஆபரேஷன். தையல் பிரித்துவிட்டார்கள், வீக்கம் இறங்கிவிட்டது, ஊன்றுகோலை மூலையில் சாத்தியாயிற்று. ஆள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. காலையில் நாற்காலியில் உட்காருகிறான். டிவி எதிரே இருக்கிறது, போடுவதில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறான், எடுத்தால் விடுகிறான். உப்பே போடாமல் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான்.

மார்ச் நடுவில் கேம்ப் தொடங்குகிறதாம். நடுக்களத்தில் அவனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்களாம். வருகிறாயா இல்லையா என்று கேட்டுக் கேட்டு ஆள் மாற்றி ஆள் போன் செய்கிறார்கள். இவன் எடுப்பதில்லை. இன்னொரு முறை அந்த ஜவ்வு கிழிந்தால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்று டாக்டர் சொன்னதாக என் மகள் சொல்கிறாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் காலைக் கையில் பிடித்தவன் நீ. தாங்குமா, தாங்காதா? ஒரு வரி போதும். கதை வேண்டாம்.

அக்கா

*

பிப்ரவரி 10

கோபத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் என் அக்காவுக்கு,

உன் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். படித்த பிறகு, சாகவேண்டியவன் நான்தான் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு வரி கேட்டாய். தாங்கும், ஒழுங்காகப் பயிற்சி செய்தால். போதுமா? உனக்குப் போதாது, எனக்குத் தெரியும். அதனால் மேலே எழுதுகிறேன்.

இங்கே என் அறையை நீ பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில், ஐஸ் பெட்டி, கால் பிடிக்கிற எண்ணெய் பாட்டில், மருந்து வாசனை. எல்லா ஆட்டக்காரனும் இந்தக் கட்டிலில் படுத்துத்தான் மைதானத்துக்குப் போவான். இத்தனை வருஷத்தில் நம்ம பயல் மாதிரி ஒருத்தனை நான் பார்க்கவில்லை. பந்து வருவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான், ரோட்டைத் தாண்டுகிறவன் மாதிரி. பந்து காலில் விழும்போது அது எங்கே போகவேண்டும் என்று முடிவாகியிருக்கும். ஐந்து பேர் நிற்கிற இடத்தில் ஊசிக்காது அளவு சந்து இருந்தால் போதும், பந்து அதற்குள் போய்விடும். நூல் என்று சும்மா வைக்கவில்லை பேரை. புதுக் கோச் வந்த அன்றே சொன்னார், "இந்தப் பையன் நல்லாயிருந்தா மத்தவங்களைப் பத்தி நான் கவலையே பட மாட்டேன்."

கடைசி மேட்சைப் பற்றித்தானே உனக்கு என்மேல் கடுப்பு? நீ நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்த வாசனை அடிக்கிறது. அன்றைக்கு நான் கேட்டேன். இதே கட்டிலில் வைத்துக் கேட்டேன். "கால் எப்படிடா இருக்கு?" என்றேன். "பரவாயில்லை தாத்தா" என்றான். கோச்சிடம் போய்த் தேவலாம் என்று சொன்னேன். இறக்கினார்கள். பக்கத்தில் யாருமே இல்லை அக்கா, யாரும் அவனை இடிக்கவில்லை. திரும்பினான், உட்கார்ந்துவிட்டான். இதில் என் தப்பு என்ன?

மகளைக் கேட்டதாகச் சொல். மாமா என்று ஒரு போன் கூடக் கிடையாது அவளிடமிருந்து. உன் வளர்ப்பு.

தம்பி

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒன்றும் விடமாட்டேன்.

பரவாயில்லை என்றானாம். இவர் தேவலாம் என்று போய்ச் சொன்னாராம்.

ஏன்டா, நீ நம்ம வீட்டில்தானே வளர்ந்தாய்? நம் அம்மா ரொட்டியைப் பிட்டு உனக்கும் எனக்கும் வைப்பாள். நீ உன்னுடையதை முழுங்கிவிட்டு அவள் கையையே பார்ப்பாய். தன்னுடையதையும் உன்னிடம் நீட்டுவாள். "உனக்கு வேணாமாம்மா?" என்று ஒப்புக்குக் கேட்பாய். "பரவாயில்லைடா" என்பாள். உடனே அதையும் வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவாய். அவளுக்குப் பசியில்லை என்று உனக்கு அர்த்தம். நான் அங்கேயே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அந்த வார்த்தை உன் காதில் உனக்கு வசதியாகத்தான் விழுகிறது.

இவன் ஏழு வயதில் மாடிப்படியில் உருண்டான். "வலிக்குதாடா?" என்று கேட்டேன். "பரவாயில்லை பாட்டி." மறுநாள் கை பலூன் மாதிரி ஊதியிருந்தது. மணிக்கட்டில் எலும்பு இரண்டாக நின்றது. பள்ளிக்கூடத்தில் அவனுடைய காலணியை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான், வெறுங்காலோடு வந்தான். "பரவாயில்லை பாட்டி." அவன் அப்பன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போன அன்றைக்கு, பெட்டியை வாசல்வரை தூக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் அதையேதான் சொன்னான். அவன் வாயில் அந்த வார்த்தைக்கு நல்லாயிருக்கு என்று ஒரு நாளும் அர்த்தம் இருந்ததில்லை. விடு, என்னைக் கேட்காதே என்றுதான் அர்த்தம்.

அந்தக் காலுக்கு மேட்சுக்கு மேட்ச் வலி மரக்க ஊசி போட்டதும் நீதான், இல்லை என்று சொல்லாதே. டாக்டர் போட்டார், நான் பிடித்துக்கொண்டேன் என்பாய். ஊசியில் நூல் கோர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். நூலில் ஊசியைக் குத்தியவர்கள் நீங்கள்தான்.

நேற்று கடைக்கு அழைத்துப் போனேன். இரண்டு பக்கமும் பார்ப்பான் என்று எழுதினாயே. ரோட்டில் இறங்கினான். இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வேன்காரன் திட்டிவிட்டுப் போனான். இவன் என்னைப் பார்த்து, "பால் வாங்கணும்னு சொன்னியே" என்றான்.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்கா,

ரொட்டியை எல்லாம் இழுக்காதே. எனக்கு அப்போது ஐந்து வயது.

உன் ஞாபகசக்திக்கு ஒரு கும்பிடு. ஆனால் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆடுகிறவன் என்றால் வலி இருக்கும். வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே உட்கார வைத்தால் நாங்கள் பதினோரு பேரை எங்கே போய்த் தேடுவோம்? நான் கேட்கத்தான் முடியும். பதில் அவனுடையது.

சரி, நீ பக்கத்திலேயே இருக்கிறாய் அல்லவா? நீ கேளேன். எனக்குக் கடிதம் எழுதித் திட்டுவதற்குப் பதிலாக அவனிடம் கேள். ஆட இஷ்டமா இல்லையா. அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கேள். அப்போது என்ன சொல்கிறான் என்று எனக்கும் எழுது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இங்கே நிலைமை சொல்கிறேன். இந்த வருஷம் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். காலில் ஒயரை ஒட்டி, கம்ப்யூட்டரில் கோடு பார்க்கிற பையன்கள். என்னை 'பெரியவரே' என்று கூப்பிடுகிறார்கள். என் கட்டிலை அவர்களுடைய மெஷினுக்காக நகர்த்திவிட்டார்கள். நூல் வந்தால் என்னைத்தான் கேட்பான், வேறு யாரையும் காலைத் தொடவிட மாட்டான். அது எல்லாருக்கும் தெரியும். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனாவால் அடித்தால் நீ அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய்.

தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு,

கேட்டேன்.

இந்த வீட்டில் இன்றிலிருந்து பரவாயில்லை என்ற வார்த்தை கிடையாது என்று சொன்னேன். என் மகள் வேலை முடிந்து அப்போதுதான் வந்தாள். பேக்கரி மாவு தலையெல்லாம். "அதென்னம்மா புதுச் சட்டம்?" என்றாள். "உனக்கும்தான், வாயை மூடு" என்றேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். முன்பெல்லாம் நானும் அவளும் மல்லுக்கு நின்றால் சிரிப்பான்.

"ஆடணுமாடா உனக்கு?" என்று கேட்டேன். வாயைத் திறந்தான், அந்த வார்த்தை நுனிநாக்குவரை வந்தது, மூடிக்கொண்டான். நான் துணி இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அத்தனை வருஷம் போட்டது, கை சும்மா இருக்காது. நாலு சட்டை முடிந்த பிறகு பேசினான்.

"தெரியல பாட்டி. ஆடினாலும் ஒண்ணும் தோணாது. ஆடாட்டியும் ஒண்ணும் தோணாது."

"ஒண்ணுமேவா?"

"இங்க தொடு" என்றான். முழங்காலில் தழும்புக்கு வெளிப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். தொட்டேன். "கிள்ளு" என்றான். கிள்ளினேன். என் கிள்ளு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். "இதுதான். இங்க ஒண்ணும் தெரியாது. வெட்டும்போது ஏதோ நரம்பு போயிடுமாம். முதல்ல இங்க மட்டும்தான் இருந்துச்சு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் மடித்த சட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தான்.

நீ கேட்கச் சொன்னாய், கேட்டேன். திட்டுவதற்கு எனக்கு இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கட்டிலை நகர்த்தியதைப் படித்தேன். அடிக்காமல் விட்டது நல்லதுதான்.

அக்கா

*

மார்ச் 4

அக்கா, அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டே நாளில் இங்கே விஷயம் தலைகீழாகிவிட்டது. மேனேஜர் நேற்று அவனுக்குப் போன் போட்டார், அவனும் எடுத்துவிட்டான்! அவர் பேசி முடிக்கிற நேரத்தில்தான் நான் அறைக்குள் போனேன். மேனேஜர் போனை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். "நூல் தேறிட்டான். வர்றான்" என்றார். கால் பரவாயில்லை என்று அவனே வாயால் சொன்னானாம்.

இன்று காலை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நடுக்களத்தில் அவன் பெயர். பழைய எட்டாம் நம்பரே. வாசலில் டிக்கெட் கொடுக்கிறவன் என்னைக் கட்டிப் பிடித்தான். ஒயர் ஒட்டுகிற பையன்கள்கூட, "பெரியவரே, உங்க கட்டிலை எங்க போடணும்?" என்று கேட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை, நம்பினால் நம்பு. ஆனால் பார், அதெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் வந்தது. புல்லில் கால் வைத்தால் எல்லாம் திரும்பும். பதினைந்தாம் தேதி கிளம்பி வரச் சொல். நான் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

தம்பி

*

மார்ச் 8

தம்பிக்கு,

உட்கார்ந்து படி.

அந்தப் போன் வந்தபோது அவனுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அந்தப் பக்கம் மேனேஜர் பேசியதும் எனக்குக் கேட்டது. உங்கள் மேனேஜருக்கு மைதானத்தில் கத்துகிற குரல். முதலில் "கால் எப்படிப்பா?" என்று கேட்கவே இல்லை. அதை உனக்குச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். "உனக்காக எடம் வச்சிருக்கோம்ப்பா, எட்டாம் நம்பர், எடுத்துக்கிறியா?" என்றுதான் கேட்டார்.

இவன், "பரவாயில்லை சார்" என்றான்.

தட்டில் இன்னொன்று வைக்கப் போனால், கையைக் குறுக்கே வைத்து வேண்டாம் என்பதற்குச் சொல்வோமே, அந்தப் பரவாயில்லை. கைகூட அப்படித்தான் போனது, நான் பார்த்தேன். எதிரே யாரும் இல்லை, ஆனாலும் கையைக் குறுக்கே நீட்டினான். அந்தப் பக்கம், "சபாஷ்! அப்படிச் சொல்லு!" என்று ஒரு சத்தம். வைத்துவிட்டார்.

"வர்றேன்னு நினைச்சுட்டாருடா" என்றேன். "தெரியும்" என்றான். "திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லு" என்றேன். கைபேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசைமேல் குப்புற வைத்தான். "அவங்க சந்தோஷப்பட்டாங்க பாட்டி. போயிட்டு வந்துடறேன். எனக்கு ஒண்ணுமில்ல" என்றான்.

புரிகிறதா உனக்கு? வருவான். பதினைந்தாம் தேதி பையைத் தூக்கிக்கொண்டு வந்து உன் கட்டிலில் படுப்பான். நீ கேட்பாய். அவன் அதையே சொல்வான். நீங்கள் இறக்குவீர்கள். கால் போகும்போதுகூட அவனுக்கு ஒன்றும் தோன்றாது.

வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியவில்லை. என் பேச்சை அங்கே எவனும் கேட்க மாட்டான், கிழவி கையெழுத்தைப் பார்த்துக் கிழித்துப் போடுவான். நீ அங்கேயே இருக்கிறாய். நீ போய்ச் சொல். அவன் வேண்டாம் என்றான் என்று சொல். உன் கட்டிலை மறுபடி நகர்த்துவார்கள், அது தெரிந்துதான் கேட்கிறேன். கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. நான் உன்னிடம் கெஞ்ச மாட்டேன். ஆனால் இரண்டு முறை படி.

அக்கா

*

மார்ச் 13

அக்காவுக்கு,

நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வியர்வையில் உன் எழுத்து கொஞ்சம் ஊறிவிட்டது.

முதலில் கோபம் வந்தது. கிழவி குழப்புகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் நானே அவனுக்குப் போன் போட்டேன், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். காலைப் பற்றிக் கேட்கவில்லை. "டேய், சாப்பிட்டியா?" என்றேன். "ம்." "என்ன சாப்பிட்டே?" என்றேன். யோசித்தான் அக்கா. "தெரியல தாத்தா" என்றான். நான் ஏதேதோ பேசிவிட்டு வைத்தேன்.

இன்று காலை மேனேஜர் அறைக்குப் போனேன். கோச்சும் இருந்தார். பெரிய மேசை, அதன்மேல் ஒரு பந்து, நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. "நூல் வரமாட்டான் சார்" என்றேன்.

"என்னய்யா சொல்றே? நல்லாயிருக்குன்னு அவனே சொன்னானே!"

"அவன் வேண்டாம்னு சொன்னான் சார். நீங்க எடுத்துக்கிட்டது வேற."

"நீதானேய்யா போன தடவை தேவலாம்னு வந்து சொன்னே? இப்ப மட்டும் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுப் பேச்சு சார் அது" என்றேன். என்ன முட்டாள்தனமான பதில் பார். கோச் எழுந்து பட்டியல் பலகைப் பக்கம் போனார். நான் திரும்பி வரும்போது பலகையில் எட்டாம் நம்பருக்கு நேராக வேறு பெயர் இருந்தது. நல்ல பையன்தான். வேகமாக ஓடுவான். பக்கத்தில் பார்க்க மாட்டான்.

நான் கதவைத் திறந்தபோது மேனேஜர் கேட்டார், "நூலே வரலைன்னா இங்க நீங்க என்ன பண்ணப் போறீங்க பெரியவரே?" என்று. அவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார் இப்போது.

"பரவாயில்லை சார்" என்றேன்.

எந்தப் பரவாயில்லை என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

எனக்குத் தெரியும். கிளம்பி வா. கூடத்தில் படுத்துக்கொள், உள்ளறை அவனுடையது. டிராக் சூட் போட்டுக்கொண்டு வராதே. அந்தக் கோபம் இருக்கிற இடத்திலேயேதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே உனக்குச் சாப்பாடு போடுவேன், எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

பதினாலாம் தேதி உன் கடிதம் வந்ததுமே அவனிடம் சொன்னேன், தாத்தா போய்ப் பேசிவிட்டார், நீ போக வேண்டியதில்லை என்று. தலையை ஆட்டினான். சந்தோஷப்பட்டானா என்று கேட்காதே. கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினான். பூட்ஸை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பதினைந்தாம் தேதி வந்தது, போனது. அவன் நாற்காலியில்தான் இருந்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஒன்றும் இல்லை.

நேற்று இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தவன் இஸ்திரி மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டான். நல்ல சத்தம். நான் விளக்கைப் போட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வான் என்று பயம்.

"வலிக்குது பாட்டி" என்றான்.

எங்கே என்றேன். குனிந்து, தேடி, தழும்புக்கு உள்பக்கம் விரலை வைத்துக் காட்டினான். தடவ வேண்டும் போலிருந்தது, ஆனால் என் கை இஸ்திரி போட்ட கை, துணியைத்தான் அழுத்தத் தெரியும். எவ்வளவு அழுத்தலாம் என்று தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வரும்போது உன் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வா.

அக்கா